சாயங்காலத்துக் கிழக்கு வெயில்

காத்தான் தோளில் துண்டு இல்லாமல் திரிவது ஊருக்குப் பழகிப்போயிருந்தது. மாசியில் போட்ட துண்டு, கார்த்திகை பிறந்தும் மாரியாயி கோயில் கல்லின் மேலேயே கிடந்தது. நடுவில் ஆடிக்காற்று அதை ஒருமுறை தூக்கிக்கொண்டுபோய்ப் பலா மரத்தில் மாட்டிவிட்டது. யாரோ எடுத்துவந்து அதே இடத்தில் போட்டு, மேலே ஒரு கல்லைப் பாரம் வைத்துவிட்டுப் போனார்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். காத்தான் மட்டும் தொடக்கூடாது.

கொல்லிமலையின் அரியூர் நாட்டில் அந்தச் சின்ன ஊருக்கு மட்டும் அப்படி ஒரு வழக்கம். பிராது உள்ளவன் ஊர்க்கூட்டத்திலோ, கூட்டம் இல்லாத நாளில் ஊர்க்கவுண்டரிடமோ விஷயத்தைச் சொல்லித் தன் துண்டைக் கல்லின்மேல் போட்டுவிட வேண்டும். அன்றிலிருந்து அது அவன் பிராது இல்லை, ஊரின் பிராது. தீர்த்துவைத்த பிறகு ஊர்க்கவுண்டர் தன் கையாலேயே துண்டை எடுத்து அவன் தோளில் போடுவார். அதுவரை அவன் வேறு துண்டும் போடக்கூடாது. பொறுக்கமாட்டாமல் தானே போய் எடுத்துக்கொண்டால் பிராது செத்தது. அதோடு அவன் வாயும் செத்தது. பிறகு ஆயுசுக்கும் கூட்டத்தில் அவன் ஒரு சொல் சொல்ல முடியாது. இதனால் ஊரில் பிராதுகள் குறைவு. தோள் குளிர்கிற ஆட்களும் குறைவு.

காத்தானின் பிராது வெயில் பற்றியது.

அவன் வீடு பள்ளத்தில், மேற்குக் கரட்டின் அடிவாரத்தில் இருந்தது. உச்சிப்பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்திலேயே சூரியன் கரட்டுக்குப் பின்னால் போய்விடும். கிழக்குப் பார்த்த வாசல். மத்தியானத்துக்கு மேல் அந்த வாசலில் நிழல் விழுவதும், காத்தான் அங்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டுச் சாய்வதும், கோழிகள் பொழுது போய்விட்டதாக நினைத்து அடையப் போவதும் யாரும் கேள்வி கேட்காத நடப்புகள்.

பள்ளத்தைத் தாண்டிக் கிழக்கு மேட்டில் ஏதோ ஒரு பட்டணத்து டிரஸ்ட் பயிற்சி நிலையம் ஒன்றைக் கட்டியது. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் மாதிரிக் கட்டடம் என்று வாசலில் பலகை வைத்தார்கள். கட்டடத்தின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி இல்லை. வெளியே நின்று பார்த்தால் நீல முலாம் பூசியதுபோல் எதிர்க்கரடு முழுக்க அதில் தெரியும். உள்ளே நின்று பார்த்தால் எந்நேரமும் மழை வரப்போவதுபோல் தெரியும். வெயிலின் சூட்டை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும் கண்ணாடி. வேலூரிலோ கரூரிலோ கட்ட வேண்டிய கட்டடத்தின் வரைபடம் பஸ் மாறிக் கொல்லிமலைக்கு வந்துவிட்டதாக ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். சித்திரையிலும் கம்பளி போர்த்துகிற ஊரில், வராத சூட்டைத் தடுத்துக்கொண்டு அது கம்பீரமாக நின்றது.

கட்டி முடித்த தை மாசத்திலிருந்து மத்தியானத்துக்கு மேல் காத்தான் வாசலில் கிழக்கிலிருந்து வெயில் அடித்தது.

முதல் நாள் அடையப் போன கோழிகள் குழம்பித் திரும்பி வந்தன. அடுத்த வாரத்தில் அவை காத்தானைப் போலவே யாரையும் நம்பாமல் வாசலில் நின்றன. கட்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணுக்குள் குத்தியது. கூரை ஓலை காய்ந்து மொறுமொறுத்தது. காத்தான் ஒருநாள் மேட்டுக்கு ஏறினான். அங்கே மேனேஜர் ஜீவானந்தம், சேந்தமங்கலத்துக்காரர், ஸ்வெட்டருக்கு மேல் மப்ளரும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுசர். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, அந்தக் கண்ணாடியின் அருமையை விளக்கினார்.

“வெயிலு உள்ள வரக்கூடாதுங்கறீங்க. அதுக்குச் செவுரு வெச்சிருக்கலாமேங்க சார்” என்றான் காத்தான்.

“செவுரு வெச்சா வெளிச்சம் வராதுங்கண்ணா. இது சூட்டத் தள்ளீட்டு வெளிச்சத்த மட்டும் உள்ள உடும்.”

காத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தான். பட்டப்பகலில் குழல் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. மூலையில் ஒரு மின்சாரக் கம்பி அடுப்பு சிவந்து கனிந்துகொண்டிருந்தது.

“வெளிய தள்ளுன வெயிலு எங்கீங்க போகும்?”

ஜீவானந்தம் அதை அதுவரை யோசித்திருக்கவில்லை. “அது போயிருங்கண்ணா” என்றார்.

“எங்கூட்டுக்குத்தாங்க வருது.”

தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாக அவர் சொன்னார். மாசிக் கூட்டத்தில் காத்தான் எழுந்து நின்று, பக்கத்து வீட்டுக்காரன் அடுப்புச் சாம்பலை என் வாசலில் கொட்டினால் கேட்பீர்கள், வெயிலைக் கொட்டினால் கேட்கமாட்டீர்களா என்று கேட்டுத் துண்டைப் போட்டான். நல்ல பேச்சு என்று எல்லோரும் மெச்சினார்கள். அவன் ஆயுசில் கூட்டத்தில் பேசியது அது ஒன்றுதான்.

ஊர்க்கவுண்டர் காளியண்ணன் பிராதை மறக்கவில்லை. ஆனால் பங்குனியில் கல்யாணங்கள் இருந்தன, சித்திரையில் கோயில் நோம்பி இருந்தது, ஆடியில் ஊரே விதைப்பில் இருந்தது. நடுவில் தோதுப்பட்டபோதெல்லாம் மேட்டுக்குப் போய், காத்தான் தோளில் துண்டில்லாமல் குளிரில் நடுங்குவதை எடுத்துச்சொல்லி, டீ குடித்துவிட்டு வந்தார். கோடையில் சூரியன் தடம் மாறியதில் கண்ணாடி வெயில் தெற்கே யார் காட்டுக்கோ போய், ஐப்பசியில் மறுபடி காத்தான் வாசலுக்கே திரும்பியது. அந்த ஐப்பசியில்தான் டிரஸ்டின் பெரியவர் சோதனைக்கு வந்து அந்தக் கட்டடத்துக்குள் இரண்டு நாள் தங்கினார். மூன்றாம் நாள் காலை மூக்கடைப்போடு காரில் ஏறும்போது, முகப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சாதாரணக் கண்ணாடி போடச் சொன்னார். கிராம மக்களின் உணர்வுகளை மதித்து என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

இது காத்தானுக்குத் தெரியாது. அவன் வேறு கவலையில் இருந்தான்.

கார்த்திகை பிறந்ததும் சாமை அறுத்தார்கள். கட்டுகளைக் களத்துக்குக் கொண்டுவந்து போர் போடும்போதே மழை பிடித்துக்கொண்டது. விட்ட நேரத்தில் அடித்துத் தூற்றி எடுத்ததில் சாமை கைக்கு ஈரமாகவே இருந்தது. குவித்து வைத்தால் உள்ளே சூடேறி வாடை அடித்தது. பரப்பி வைக்க வீட்டுக்குள் இடமில்லை. பரண்மேல் கொஞ்சம் போட்டுக் கீழே அடுப்பை மூட்டினார்கள். புகை ஏறியது, ஈரம் இறங்கவில்லை. காலையில் பனிமூட்டம் விலகவே வெகுநேரம் ஆகும். விலகிய வெயில் வாசலில் கால் ஊன்றுவதற்குள் கரடு அதை விழுங்கிவிடும். அடுத்த அறுவடை வரைக்கும் சோறு அதுதான், விதையும் அதுதான். மகள் பரிமளா வேறு பெரக்கரை நாட்டிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். இந்த ஈரத்தில் இன்னும் சில நாள் கிடந்தால் சாமை முளைவிட்டுவிடும். முளைவிட்டதை மாடுதான் தின்னும். அந்த வீட்டில் மாடு இல்லை.

அவன் மனைவி சின்னாயிதான் முதலில் பாயை இழுத்தவள். மத்தியானத்துக்கு மேல் நிழல் விழுந்த வாசலில் கிழக்கு வெயில் கட்டம் கட்டமாக வந்து விழுந்தபோது, அவள் சாமை பரப்பிய பாயை அதற்குள் இழுத்துப் போட்டாள். வெயில் நகர நகர அவளும் பாயை நகர்த்தினாள். காத்தான் இதைப் பார்த்தான். பார்க்காதவன்போல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போனான்.

நாலைந்து நாளில் சாமையின் வாடை மாறியது. சாயங்காலம் சின்னாயி பாயின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு மணி எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பாள். காய்ந்த சாமை ‘கடக்’கென்று உடையும். ஈரச்சாமை நசுங்கும். அன்றைக்கு ஓரத்துச் சாமை உடைந்தது, நடுச்சாமை நசுங்கியது. இன்னும் ஒரு வாரம் இப்படியே அடித்தால் போதும் என்று அவள் மகளிடம் சொன்னாள். காத்தான் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள். அவன் கிழங்கை மிளகாய்த் தொக்கில் தொட்டு வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான்.

மறுநாள் அடுத்த வீட்டு ராசு வேலிக்கு அப்பால் நின்று, நல்ல சேதி கொண்டுவந்தவனுக்குக் காப்பி இல்லையா என்று கேட்டான். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து புதுக் கண்ணாடி லாரியில் மேலே வந்து இறங்கிவிட்டது. நாளன்னைக்குப் பழைய கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். கவுண்டர் துண்டைத் தோய்க்கச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுக் காப்பியையும் குடித்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் சின்னாயி காத்தான் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“போயித் துண்ட எடுத்துட்டு வாங்க.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு பாயப் பாத்துக் கேளுங்க.”

காத்தான் பாயைப் பார்க்கவில்லை. “எடுத்தா அப்பறம் எனக்கு ஊருல வாயே இல்ல புள்ள” என்றான்.

“இருக்கற வாயில இத்தன வருசமா என்னத்தப் பேசுனீங்க? பேசுனது ஒரே பேச்சு. அதும் வெயிலு வேண்டாங்கற பேச்சு. சோறு திங்கறதும் அந்த வாயிலதானுங்க.”

“நாளைக்கு ஒருத்தன் நம்ம காட்டு வரப்பத் தள்ளி வெப்பான். அப்ப யாருகிட்டப் போயிச் சொல்லுவ?”

“வரப்புக்குள்ள போட வெதை இருந்தாத்தான வரப்பு.”

சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்த பரிமளா, அப்பனுக்காகப் பேசுவதுபோல் வாயைத் திறந்தாள். “உடும்மா. அந்தத் துண்டு மாசியில இருந்து மழையிலயும் பனியிலயும் கெடக்குது. அதக் காய வெக்கறதுக்கும் வெயிலு வேணுமில்ல.”

சின்னாயிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காக அவளுக்குக் கோபமும் வந்தது. காத்தான் எழுந்து கோயிலுக்குப் போனான்.

கல்லின்மேல் துண்டு பூஞ்சை பிடித்து, முன்னொரு காலத்தில் வெள்ளையாக இருந்த ஒரு பொருளாகக் கிடந்தது. அதன் மடிப்பில் ஒரு நத்தை குடியிருந்தது. காத்தான் கையை நீட்டினான். நீட்டிய கை அவனுக்கே அன்னியமாகத் தெரிந்தது. எடுத்துவிடலாம். எடுத்துவிட்டுக் கீழே நடந்தால், நாளையிலிருந்து கூட்டத்தில் அவன் உட்காருகிற இடத்தில் வேறு யாராவது உட்காருவார்கள்; நகரச் சொல்லக்கூட அவனுக்கு உரிமை இருக்காது. அவன் அப்பன் கூட்டத்தில் பேசியதே இல்லை. பேச வாய் இல்லாததால் இல்லை. பேசினால் எடுபடுமா என்கிற பயத்தில். காத்தான் பேசியது எடுபட்டுவிட்டது. அதுதான் இப்போது இடைஞ்சல்.

பின்னால் காளியண்ணனின் இருமல் கேட்டது. கை தானாகத் தலையைச் சொறியப் போயிற்று.

“பொறுக்கமாட்டேங்கற போல. நாளன்னைக்கு நானே போடறேன், போ” என்றார் கவுண்டர். “உன் ஒருத்தனுக்காவ அந்த மேட்டுக்கு நான் நடந்த நடைக்கு காரவள்ளிக்குப் போயிட்டு வந்திருக்கலாம்.”

“அதில்லீங்க. கண்ணாடியக் கழட்டறத, சாமை காயற வரைக்கும் சித்தெ தள்ளி வெக்கச் சொன்னா…”

காளியண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “காத்தா. வெயிலு வேண்டாம்னு துண்டப் போட்டுட்டு, வெயிலு வேணும்னு சொல்றியா?”

“வேண்டாந்தானுங்க. இந்த ஒரு வாரம் மட்டும்…”

“இத நான் மேட்டுல போயிச் சொன்னா, ஸ்வெட்டர் போட்டவன் என்னையப் பாத்துச் சிரிப்பான்.” அவர் குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. “சாமைக்கு வேற வழி பாரு சாமி. ஊட்டுக்குப் போ.”

காத்தான் திரும்பி வந்தான். சின்னாயி அவன் தோளை ஒருமுறை பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்விட்டாள். இராத்திரிச் சோறு போடும்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

சொன்ன நாளில் கண்ணாடியைக் கழற்றினார்கள். கவுண்டர் நாலு பேரோடு வந்து, தோய்த்தும் வாடை போகாத துண்டைக் காத்தான் தோளில் போட்டார். எல்லோருக்கும் சின்னாயி வெல்லக் காப்பி கொடுத்தாள். தீராத பிராதென்று எதுவும் இந்த ஊரில் இல்லை என்று காளியண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசல் இருட்டியது. கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடையப் போயின. பெரியவர்கள் கலைந்த பிறகு காத்தான் பழையபடி கட்டிலைப் போட்டுச் சாய்ந்தான். நிழல் வேண்டிய மட்டும் இருந்தது. தூக்கம் வரவில்லை.

மறுநாள் பூராவும் மூட்டம். அதற்கு மறுநாள் வந்த வெயிலும் உச்சியோடு போயிற்று. சின்னாயி நடுச்சாமையில் ஒரு மணி எடுத்துக் கடித்தாள். நசுங்கியது. துப்பிவிட்டு, பாயில் கைவிட்டு அளைந்தபோது ஒரு மணியில் நூல்போல வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து கட்டில் சட்டத்தின்மேல், காத்தான் முகத்துக்கு நேராக வைத்தாள். வைத்துவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

“அப்பா, அம்மா மேட்டுக்குப் போகுது” என்றாள் பரிமளா.

அவன் மூச்சிரைக்க மேட்டுக்கு ஏறியபோது சின்னாயி ஜீவானந்தத்திடம் பேசிக்கொண்டிருந்தாள். மேனேஜர் மப்ளர் இல்லாமல் இருந்தார். உள்ளே மஞ்சளாக வெயில் விழுந்து கிடந்தது. குழல் விளக்குகள் அணைந்திருந்தன. கழற்றிய கண்ணாடிகளை வைக்கோல் செருகித் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“இத என்னங்க பண்ணப் போறீங்க?”

“கீழ கொண்டுபோகச் சொல்லியிருக்காங்க, லாரி வந்தா. லாரி எப்ப வரும்னு சொல்லலீங்கக்கா.”

“லாரி வர வரைக்கும் ஒண்ணு குடுங்க.”

ஜீவானந்தம் சின்னாயியைப் பார்த்தார், அவள் பின்னால் நின்ற காத்தானைப் பார்த்தார். “இந்தண்ணன்தானுங்க இது வேண்டாம்னு…”

“அவருக்கு வேண்டாந்தாங்க. எனக்கு வேணும்.”

மேனேஜர் பார்த்துத் தூக்கச் சொல்லிவிட்டு, உள்ளே வெயிலுக்குப் போய்விட்டார்.

கதவுப்பலகை அகலத்தில் இருந்த ஒன்றைச் சின்னாயி பிடித்து அசைத்துப் பார்த்தாள். தனியாகத் தூக்க முடியாது என்று அதற்கு முன்பே தெரிந்திருக்கும். காத்தான் முன்னால் வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, மறுபடி தோளிலேயே வைத்துக் கண்ணாடியின் விளிம்பை அதன்மேல் ஏற்றினான். ஊர் திருப்பித் தந்த துண்டுக்கு முதல் வேலை அது. பின்விளிம்பைச் சின்னாயி தாங்கிக்கொண்டாள். இருவரும் பள்ளத்துக்கு இறங்கினார்கள். சரிவில் அவன் கால் வழுக்கும்போதெல்லாம் கண்ணாடி சாய்ந்து, ஊரின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு வெளிச்சம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தலை வெளியே வந்தது.

வீட்டுக்குக் கிழக்கே, கரட்டு நிழல் கடைசியாக வந்து சேருகிற இடத்தில் ஒரு பாறை உண்டு. அதன்மேல் கண்ணாடியை நிறுத்தி, பின்னால் காத்தான் உட்கார்ந்து பிடித்துக்கொண்டான். முதலில் வெளிச்சம் கூரைமேல் விழுந்தது. பிறகு ராசு வீட்டுச் சுவரில் விழுந்தது. கீழே வாசலில் நின்று சின்னாயி கையை வீசினாள்.

“சித்தெ அக்கட்டால.”

நகர்த்தினான்.

“அவ்வளவு வேண்டாங்க. இக்கட்டால. கீழ சாயுங்க. ஆமாங்க, அங்கயே பிடிங்க.”

நாலு நாளைக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. நிழலில் கிடந்த பாயின் நடுவில் ஒரு கட்டம் வெயில் விழுந்தது. முன்பு கட்டடம் கொடுத்த வெயிலில் இது ஒரு துண்டுதான். அதற்குள் கொள்கிற சாமையைப் பரிமளா காலாலேயே தள்ளிவிட்டாள். அவளால் குனிய முடியவில்லை. சூரியன் நகர நகரக் காத்தானும் கண்ணாடியை நகர்த்தினான். வலது கை மரத்துப்போனபோது இடது கைக்கு மாற்றினான். கோழிகள் மறுபடி வெளியே வந்து பாறையைப் பார்த்து நின்றன.

பாறை நிழலுக்குள் போகும்வரை பிடித்தான். இறங்கிவந்தபோது சின்னாயி ஒரு மணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நசுங்கவில்லை; உடையவும் இல்லை. அந்தக் கட்டத்துச் சாமையை மட்டும் தனியாக ஒரு மூங்கில் கூடையில் அள்ளி வைத்தாள். நாளைக்கு ஓர் உச்சி வெயில் பட்டால் போதும். பாயில் மீதி கிடந்தது. அடுத்த நாள் ஒரு கட்டம், அதற்கடுத்த நாள் ஒரு கட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

மறுநாள் மத்தியானம் ராசு வேலிக்கு அப்பால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். காப்பி கேட்கவில்லை.

“காத்தா, ஊட்டுக்குள்ள உக்கோர முடியல. உன்ற கண்ணாடி எங்கூட்டுச் சாமி படத்துலயே அடிக்குது. எம்பட பொண்டாட்டி சாமி வந்தாப்பல கண்ண மூடிக்கிட்டுச் சோறாக்கறா.”

காத்தான் பாறைமேல் இருந்தபடியே கேட்டான். இதற்கு என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியும். மேட்டில் ஒரு நல்ல மனுசர் தனக்குச் சொன்னதுதான்.

“அது போயிரும் ராசு” என்றான்.

அதற்கடுத்த நாள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஏறும்போது சின்னாயி கோயில் பக்கம் கையைக் காட்டினாள். கல்லின்மேல் ஒரு துண்டு கிடந்தது. புதுத் துண்டு, சிவப்புக் கரை போட்டது. ராசு தீபாவளிக்கு எடுத்தது. பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லும் வைத்திருந்தான்.

காத்தான் நின்று அதைப் பார்த்தான். கண்ணாடியின் விளிம்பு தோளில் அழுந்தியது.

“இனிக் கவுண்டரு நம்மூட்டுக்கு நடப்பாரு” என்றான்.

“நடக்கட்டுங்க. காப்பி குடுக்கலாம்.” சின்னாயி பின்விளிம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். “மார்கழியில கூட்டங் கூடாது. தையில நோம்பி. மாசியில எடுத்துப் பேசுவாங்களா?”

“பேசுனாலும் தீர்றதுக்கு ஆடி ஆவணி ஆயிரும்.”

“அதுக்குள்ள காஞ்சிருங்க” என்றாள் அவள்.

காத்தான் துண்டைத் தோளில் சரிப்படுத்திக்கொண்டு பாறைமேல் ஏறினான்.